சுவரை ஏன் தள்ளிக் கட்ட வேண்டும்?

திண்டுக்கல் மாவட்டம் வடமதுரையில் மனை வாங்கியவர் எல்லாப் பக்கமும் எல்லைக்கல் வரை வீட்டுச் சுவர் எழுப்ப முடியாது. ஏன்? காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால்தான் அறை குளிரும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நின்றால் அந்த வழி அடைபடும். தீப்பிடித்தால் வெப்பக்கதிர் எதிர்ச் சுவரைத் தாக்கும்; இடைவெளி கூடக் கூட அதன் வலு குறையும். திறந்த மண் மழைநீரையும் உறிஞ்சும். கிணற்றை நம்பிய திண்டுக்கல் சமவெளிக்கு இதுவே முதல் காரணம் என்பேன். அந்த இடத்தில் சிமென்ட் பூசிவிடாதீர்கள்!

இடம் விட்ட பின் மொத்தம் எவ்வளவு கட்டலாம்? தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில், உயரமல்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்புக்கும் மனைப் பரப்புக்கும் உள்ள விகிதம், அதிகபட்சம் 2. ஆக, 1,200 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்ந்து 2,400 சதுர அடி. தரையில் 800 மட்டும் எடுத்தால் மூன்று தளம் வரும், 400 வானம் பார்த்திருக்கும்.