குடியை விட்டவரும் பாலாற்று நடையும்

ஓரிக்கையில் நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, உறுப்பினர் ஒருவரின் ஏடு நம் கவனத்தை ஈர்த்தது. இரண்டாண்டுகளாக முன்பணத்தின் மேல் முன்பணம். பாவு வாங்கிச் சென்றால் சேலை திரும்பி வருவது எப்போதென்று தெரியாது. கடந்த எட்டு மாதங்களிலோ முன்பணம் ஏதுமில்லை. சேலைகள் தவணை தவறாமல் வந்துள்ளன. காரணம் வினவினோம்.

"குடியை விட்டுவிட்டேன், ஐயா. விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் பாலாற்றுப் பக்கம் நடக்கிறேன்" என்றார்.

நாள் முழுதும் தறியில் உழைப்பவருக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு என்று அருகிலிருந்த அன்பர் ஒருவர் நகைத்தார். குழித்தறியில் கால் மிதிக்கிறது, கை நாடாவை ஓட்டுகிறது. முதுகோ வளைந்தது வளைந்தபடியே இருக்கிறது. அந்த இடுப்பு வலிக்கு மருந்தென்றே பலர் குடிக்கத் தொடங்குகின்றனர். தறிக்குழியிலிருந்து எழும் மாலைப்பொழுதே அவர்களுக்குப் பொல்லாத நேரம். நம் நண்பர் அந்நேரத்தைத்தான் நடைக்குக் கொடுத்தார்.

ஆனால் நடையால் மட்டும் அவர் மீண்டாரென்று எவரும் எண்ணிவிடலாகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தக் கலக்கமும் தோன்றக்கூடும். உயிருக்கே ஊறு நேர்வதுண்டு. ஆதலின் முதலில் மருத்துவமனை, பின்னரே பயிற்சி. இவரும் அவ்வாறே செய்தார்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற 60 பேரில் பாதிப் பேருக்கு இரண்டு வாரம் மூச்சுப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. இரு பிரிவினருக்குமே மனச்சோர்வு குறைந்தது. பயிற்சி பெற்றோருக்கு அதிகமாகக் குறைந்தது. இரண்டு வாரச் சோதனையைக் கொண்டு ஆயுட்காலத்திற்குத் தீர்ப்புச் சொல்ல இயலாது. புகையிலையிலும் இதே நிலைதான்: சிறிது நேர விரைந்த நடை அப்போதைய வேட்கையைத் தணிக்கிறது, நிலையாக விடச் செய்யும் என்பது இன்னும் உறுதிப்படவில்லை. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம் மருந்தோடு நில்லாமல், குடும்பத்தாரையும் அழைத்து ஆலோசனை வழங்கி வருவது இதனால்தான்.

முன்னோரும் இதனை அறியாதவரல்லர். 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தபோது, வெறுமையாகிப்போன மாலைப்பொழுதை நிரப்ப ஊர் விளையாட்டுகளுக்கும் பஜனைகளுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

நம் நண்பர் இடையில் ஒருமுறை தவறினார். தீபாவளி போனஸ் கைக்கு வந்த அன்று அது நிகழ்ந்தது. மறுநாள் வெட்கத்தால் நடைக்குச் செல்லாமல் படுத்திருந்தார். நாள்தோறும் உடன் நடக்கும் முதிய உழவர் ஒருவர் வீட்டு வாயிலில் வந்து நின்று, "எழுந்து வா, தம்பி" என்று மட்டும் அழைத்தாராம். வேறொன்றும் கேட்கவில்லை.

பழைய முன்பணத்தில் இன்னும் நிலுவை உள்ளது. சேலைக்கு இவ்வளவு என்று கூலியில் பிடித்துக்கொள்ளுமாறு அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்கடிதம் ஏட்டோடு வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது.