கப்பலுக்காகக் கரையும் துத்தநாகம்

உலோகம் உப்புநீரில் நனைந்தால் அதன் அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரையப் பார்க்கும். இந்த நாட்டம் உலோகத்துக்கு உலோகம் வேறு. அதை அளக்கும் திட்ட மின்முனை அழுத்தம் துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44, தாமிரத்துக்கு +0.34. எண் கீழே போகப் போகக் கரைவதும் எளிது. ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும் அலுமினியம் போன்றவை இதற்கு விலக்கு.

தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் எஃகுக் கப்பலுக்கு வெண்கலத்தில் சுழல்விசிறி இருக்கும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர் இரண்டையும் இணைத்து ஒரு மின்கலமாக்கிவிடுகிறது. எஃகு ஆனோடாகிக் கரைகிறது. கேதோடான வெண்கலத்தின் மேல் நீரிலுள்ள ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது.

இதைத் தடுக்கத்தான் கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். எஃகுக்கு முந்திக்கொண்டு அவை கரைகின்றன. கப்பலுக்கு வர்ணம் பூசும்போது கைமறதியாக இந்தக் கட்டிக்கும் பூசிவிட்டால், கடல்நீர் படாமல் அது வெறும் பாரம்தான். 1824இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் தாமிரத் தகடுகளை இதே முறையில் காத்தார். தாமிரம் கரையாமல் நின்றது. ஆனால் கரையும் தாமிரத்தின் நஞ்சு இல்லாததால் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன!

கப்பலைப் போலவே கடலில் நிற்கும் துறைமுகத்தின் எஃகுத் தூண்களில் அரிப்பு அதிகம் தாக்குவது ஆழத்தில் அல்ல, அலை தெறிக்கும் உயரத்தில். அங்கே ஈரம், உப்பு, காற்று மூன்றும் தாராளம். துத்தநாகக் கட்டியின் காவலும் நீர்மட்டத்துக்கு மேலே எட்டாது. அந்தப் பகுதிக்குக் கெட்டியான பூச்சுதான் வழி. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இத்தகைய கடல் அரிப்பை ஆராயத் தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் மையங்களை அமைத்தது.