பனிக்கட்டிக் கிடங்கின் கதை

பட்டணத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், திருவல்லிக்கேணிக் கடற்கரைச் சாலையில் வட்ட வடிவாகக் கம்பீரமாய் நிற்கும் ஒரு கட்டடத்தைக் கண்டு, "இது எந்த ராஜாவின் மாளிகை?" என்று கேட்பதுண்டு. எந்த ராஜாவுக்கும் இதில் பாத்தியதை கிடையாது. இது ஒரு சரக்குக் கிடங்காகப் பிறந்தது. அதில் வைத்திருந்த சரக்கோ, சென்னை வெயிலில் ஒரு நாழிகைகூடத் தாங்காத பனிக்கட்டி! விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறிய பிறகும், ஊரார் வாயில் 'ஐஸ் ஹவுஸ்' என்ற பழைய பெயர் மறையவில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் அவ்வூர்ப் பக்கத்து ஏரிகளெல்லாம் உறைந்துவிடும். யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பனியை வெட்டி உஷ்ண தேசங்களில் விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரார் நகைத்தார்கள். நஷ்டம் வந்தது, கடனுக்காகச் சிறைவாசமும் நேர்ந்தது. அவரோ விடவில்லை. 1825-ல் நதானியேல் வையத் என்பவர் குதிரை பூட்டிய கலப்பை போன்ற கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைக் கொண்டு பனியை ஒரே அளவான பாளங்களாக அறுக்க முடிந்தது. வியாபாரமும் தழைத்தது.

1833-ல் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. சுமார் நான்கு மாதப் பிரயாணம். பூமத்திய ரேகையை இரு முறை கடக்க வேண்டும். அப்படியும் ஏறக்குறைய 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. இதில் மந்திரம் ஏதுமில்லை. சிறு கட்டி விரைவில் உருகும். பெருங்குவியலோ, காற்றுப் படும் மேற்பரப்பு அதன் பருமனை நோக்கக் குறைவாதலால், மெல்லத்தான் உருகும். பாளங்களை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கி, மரத்தூளைச் சுற்றிலும் திணித்துவிட்டால், வெளியிலுள்ள சூடு உள்ளே புகுவது அரிது. மர அறுவைப் பட்டறைகளில் வீணே கிடந்த தூள் இதற்குப் பயன்பட்டது. குளத்து நீரும் மரத்தூளும் சேர்ந்து ஒரு மனிதரைச் செல்வராக்கிவிட்டன.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் டியூடருக்குக் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கிடங்கு 1842-ல் கட்டப்பட்டது. அப்போது சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சும். ஆணி அறையாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைத் தாண்டிச் சரக்குகளைக் கரை சேர்க்கும். இன்று கிடங்குக்கும் கடலுக்கும் நடுவே காணும் அகன்ற மணற்பரப்பு அன்று இல்லை. பின்னால் துறைமுகம் கட்டியதன் விளைவாக மணல் ஒதுங்கி ஏற்பட்டது அது. ஆகவே கிடங்கு கடலுக்கு வெகு அருகிலேயே நின்றது. அதில் இறங்கிய பனிக்கட்டி பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் பானங்களுக்கே போயிற்று. பாரம் தூக்கி இறக்கிய நம்மவர்களுக்குக் கை குளிர்ந்ததே மிச்சம்.

1870-களில் இந்தியாவிலேயே யந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கினார்கள். பாஸ்டன் சரக்குக்குக் கிராக்கி போய்விட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த கிடங்குகள் இடிபட்டுப் போயின. சென்னைக் கிடங்கு மட்டும் தப்பியது. அதை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னல்களும் தாழ்வாரங்களும் அமைத்து, நீதிபதி கெர்னன் பெயரால் 'காஸில் கெர்னன்' என்று அழைத்தார். அமெரிக்காவில் வேதாந்தம் பேசித் திரும்பிய ஸ்வாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் இங்கேதான் ஒன்பது நாள் தங்கினார். பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ் ஏரியிலிருந்து டியூடர் பனிக்கட்டி அனுப்பினார். அதே கேம்பிரிட்ஜில் உள்ள ஹார்வர்ட் சர்வகலாசாலையில் 1896-ல் விவேகானந்தர் சொற்பொழிவாற்றினார். கொடுக்கல் வாங்கலில் நம் நாடு கடன்படவில்லை என்று சொல்லலாம் அல்லவா?

அவருக்குப் பின் ஸ்வாமி ராமகிருஷ்ணானந்தர் இங்கே மடம் நடத்தினார். 1907-ல் மடம் மயிலாப்பூருக்குப் போயிற்று. அதன் பிறகு இக்கட்டடத்துக்கு நேர்ந்த பணியைத்தான் நாம் எல்லாவற்றினும் மேலாக மதிக்கிறோம்.

1886-ல் பிறந்த சகோதரி சுப்புலக்ஷ்மி, இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றவர். விதவை எதிரே வருவதையே அபசகுனம் என்று எண்ணிய காலம் அது. அந்தக் காலத்தில் பால்ய விதவைகளைச் சேர்த்து, உணவளித்துப் படிக்க வைத்தார். இடம் போதாமற்போனபோது அவர்களுக்கு ஐஸ் ஹவுஸ் புகலிடம் ஆயிற்று. பொம்மை வைத்து விளையாட வேண்டிய வயதில் மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட சிறுமிகள் அங்கே ஜன்னலருகே அமர்ந்து கடற்காற்றில் பாடம் படித்தார்கள். உபாத்தியாயினிகளாகப் பயிற்சி பெற்றுத் தம் சொந்தக் காலில் நின்றார்கள். பின்னர் அது ஆசிரியப் பயிற்சி மாணவிகளின் விடுதியாகவும் பல ஆண்டுகள் இருந்தது.

1963-ல், விவேகானந்தரின் நூற்றாண்டில், இப்போதைய பெயர் சூட்டப்பட்டது. 1997-ல் அரசு அதை ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் விட்டது. ஸ்வாமிஜியைப் பற்றிய கண்காட்சி அங்கே அமைந்தது.

குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகும் நேயர்கள் பனிக்கட்டியின் கதையைச் சொல்லுங்கள். ஸ்வாமிஜியின் கதையைச் சொல்லுங்கள். பெயர் தெரியாத அந்தச் சிறுமிகளின் கதையையும் மறவாமல் சொல்லுங்கள். நம் பாட்டிமாருக்கு முதன்முதலாக எழுத்தறிவித்த உபாத்தியாயினி அவர்களுள் ஒருத்தியாக இருந்திருக்கவும் கூடும்.