அட்டை பிடிக்கவில்லையா? ஏரியலைப் பாருங்கள்



கொழுந்து நிறுக்கும்போது அட்டை காட்டிப் பதிகிற முறை உள்ள இடங்களில், அட்டை பிடிக்காவிட்டால் "உன் அட்டை பழுது" என்று ஆளை ஒதுக்கிவிடுவது சரியில்லை. ஒரு நிறுவை பதியாமல் போனால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். கோளாறு ஏரியலிலும் இருக்கலாம்.

அட்டைக்குள் பற்றரி கிடையாது. சின்னச் சில்லும் கம்பிச் சுருளும்தான். அந்தச் சுருள்தான் ஏரியல். வாசிக்கிற கருவியின் சுருளில் இருந்து வரும் அலையிலேயே சக்தி எடுத்து, அட்டை தன் இலக்கத்தைச் சொல்லும். றேடியோவில் ஸ்டேசன் பிடிக்கிற மாதிரி இரண்டும் ஒரே அலைக்கு ட்யூன் ஆகியிருக்க வேணும். இவ்வகை அட்டைகள் பலவற்றுக்கு அது 13.56 மெகாஹேட்ஸ். கருவியைத் தகர மேசையில் வைத்தால் ட்யூன் விலகிப்போகும். இரண்டு அங்குலத்தில் பிடித்த அட்டை, ஒட்டிவைத்தாலும் பிடிக்காது. கருவிக்கு அடியில் தடித்த பலகை ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையையும் சரிக்காமல் தட்டையாகக் காட்டுங்கள்.

சாக்கில் ஒட்டுகிற சீட்டு வேறு இனம். 860 முதல் 960 மெகாஹேட்ஸ் வரை; சில மீற்றர் தூரத்திலேயே பிடிக்கும். ஆனால் தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும். மழை நாள் கொழுந்துச் சாக்கு பாதி தண்ணீர்தானே! இந்தியாவில் 2021 பெப்ரவரியில் சுங்கச் சாவடிகளில் கட்டாயமாக்கிய பாஸ்டேக் இந்த இனம்தான். வாகனத்தின் முன் கண்ணாடியில் ஒட்டுவதற்கென்று செய்தது, தகரத்தில் ஒட்டினால் சரிவராது. சாக்கு எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே வட்டமாகச் சுழலும் அலையை விடுகிற ஏரியல்தான் அதற்குத் தோது. தூரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

எங்கள் பழுகாமம் பக்கம் பட்டி மாட்டுக்குக் குறி சுடுவார்கள். அதற்குப் பதில் சில்லு போடுவதானால் 134.2 கிலோஹேட்ஸ் நல்லது. ஈரமும் சதையும் அதை அவ்வளவாகத் தடுக்காது. வாவிக்கரைச் சேற்றில் நிற்கிற மாட்டுக்குப் பொருந்தும்.

கேபிள் விசயமும் உண்டு. பழைய ரி.வி. அன்ரனாவின் தட்டை வயர் 300 ஓம், உருண்டை கேபிள் 75 ஓம். நடுவில் அந்தச் சின்னப் பெட்டி இல்லாமல் முறுக்கிக் கட்டினால், 100 பங்கு சக்தியில் 36 பங்கு திரும்பிப் போய்விடும். சாக்குச் சீட்டை வாசிக்கிற கருவிக்கு ஏரியலும் கேபிளும் பெரும்பாலும் 50 ஓம். கையில் கிடைத்த கேபிளைப் போட்டாலும், மூட்டு துருப்பிடித்தாலும் நட்டம்தான்.

கிலோ திரையில் விழுந்ததைப் பார்த்த பிறகே கூடையை எடுங்கள். விழாவிட்டால் துண்டில் எழுதி, அங்கேயே கணக்கப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.