"உப்பு! உப்பு!" என்று கேட்ட சிறுவன்
ஏழே நாளில் உயிர் போன பரிதாபம்

அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு சிறுவனைக் கொண்டு வந்தார்கள். அவனுக்கு வயது மூன்றரை. வயதுக்கு மீறிய உடல் வளர்ச்சி அவனுக்கு இருந்தது. அது என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவே அவனை அங்கே சேர்த்தார்கள்.

அந்தச் சிறுவனிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே, பிஸ்கோத்தைக் கொடுத்தால் மேலே உள்ள உப்பை மட்டும் நக்குவான். உப்புக் குப்பியைக் கண்டுவிட்டால் விடமாட்டான். வெறும் உப்பை அள்ளித் தின்பான். அவன் பேசக் கற்ற முதல் சொற்களில் ஒன்று "உப்பு"!

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கொடுக்கும் சாப்பாட்டையே அவனுக்கும் கொடுத்தார்கள். தனியாக உப்பு கிடைக்கவில்லை. ஏழு நாட்கள் ஆயின. சிறுவன் இறந்து போனான்.

பிணப் பரிசோதனையில் உண்மை வெளிவந்தது. பையன் உப்பு தின்றது கெட்ட பழக்கத்தால் அல்ல. அந்த உப்புதான் அவனை அதுவரை காப்பாற்றி வந்தது! வில்கின்ஸ், ரிச்டர் என்ற இரு நிபுணர்கள் 1940-ம் ஆண்டில் இந்தச் செய்தியை வெளியிட்டார்கள்.

சின்னச் சுரப்பி, பெரிய வேலை

சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் அட்ரினல். அது ரத்தத்தில் சில ஹார்மோன்களைக் கலக்கிறது. "உப்பை வெளியே விடாதே!" என்று சிறுநீரகத்துக்குக் கட்டளை இடுவது அவற்றில் ஒன்று. இந்தக் கட்டளை நின்றுவிட்டால், தின்ற உப்பெல்லாம் சிறுநீரோடு போய்விடும். அந்தச் சிறுவனுக்கு நடந்தது இதுதான். அவனுடைய அட்ரினல் சுரப்பி பிறவியிலேயே கெட்டிருந்தது.

பெரியவர்களுக்கும் இது வரும். லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் 1855-ல் இப்படிப்பட்ட 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதனால் இதற்கு "அடிசன் நோய்" என்று பெயர் வந்தது. அந்தக் காலத்தில் சுரப்பியை அரித்தது பெரும்பாலும் காசநோய். நம் நாட்டில் இன்றும் காசநோய் ஒரு காரணமாக இருக்கிறது.

அடையாளம் என்ன?

ஓயாத அசதி. பசி இல்லை. உடம்பு இளைக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும். வாந்தி வரும். உப்பு தின்ன ஆசை எழும். உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும். "வெயிலில் அலைந்த கறுப்பு" என்று வீட்டில் சொல்லி விட்டுவிடுவார்கள். நோய் முற்றினால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து!

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். இந்த நோயில் அது இறங்கும். பொட்டாசியம் ஏறும். காலையில் ரத்தம் எடுத்து "கார்ட்டிசால்" என்ற ஹார்மோனை அளப்பார்கள். சந்தேகம் இருந்தால் சுரப்பியைத் தூண்டும் ஊசி போட்டு, மறுபடியும் அளப்பார்கள். நல்ல சுரப்பியானால் கார்ட்டிசால் ஏறும். கெட்ட சுரப்பியானால் ஏறாது.

"சோடியம் குறைவா? இரண்டு கரண்டி உப்பைப் போடு!" என்று அவசரப்படக் கூடாது. வேறொரு ஹார்மோன் அளவுக்கு மிஞ்சினாலும் சோடியம் குறையும். அந்த ஹார்மோன் தண்ணீரை உடம்பிலேயே தேக்கிவிடும். அப்போது டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார். குறை ஒன்று, வைத்தியம் வேறு! குறைந்த சோடியத்தை ஒரே நாளில் மளமளவென்று ஏற்றினாலும் மூளை பழுதாகும். ஆகையால் ஆஸ்பத்திரியில் அடிக்கடி அளந்து பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள்.

மாத்திரை தந்த வாழ்வு

அடிசன் நோய்க்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. சுரப்பி தராததை மாத்திரை தருகிறது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஒன்று, ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் இன்னொன்று. ஆயுள் முழுவதும் தினமும் சாப்பிட வேண்டும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைப்பார். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் இந்த நோய்தான்! 1947-ல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். 1960 தேர்தலின்போது அவருடைய ஆட்கள் "அந்த நோயே இல்லை" என்று மறுத்தார்கள். ஓட்டுக்காக நோயை மறைக்கலாம். மாத்திரையை மறக்க முடியுமா?

இன்னொரு கூட்டமும் உண்டு. மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் அவர்கள். மாத்திரை தின்னத் தின்ன, சொந்தச் சுரப்பி தூங்கிப்போகும். "உடம்பு தேறிவிட்டது" என்று திடீரென நிறுத்தினால் படுத்துவிடுவார்கள். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், டாக்டர் சொல்கிறபடி.

பால்டிமோர் சிறுவனுக்கு இருந்த பிறவிக் கோளாறை இன்று பல நாடுகளில் பிறந்த சில நாட்களுக்குள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். அந்தக் குழந்தைக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறார்கள். கூடவே, பாலோடு சிறிது உப்பும் அளந்து கொடுக்கிறார்கள்.