பச்சைப் பொடிப் பான்கேக்

"ஏண்டா, இது என்ன வரட்டியா?" என்று கேட்டார் அம்மா.

கேட்கவேண்டியதுதான். ஜப்பானியர் விரும்பிச் சாப்பிடும் பச்சைத் தேயிலைப் பான்கேக்கை நானே செய்து காட்டுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்தட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன். கடையில் 'கிரீன் டீ' என்று விற்கும் இலையை மிக்ஸியில் அரைத்து மாவில் கலந்தேன். அடுப்பிலிருந்து இறங்கியதோ காக்கி நிறத்தில், மணலைப் போல் பல்லில் நெருடும் ஒரு வஸ்து! வாசகர்களே, தங்களுக்கும் அந்தக் கதி நேரவேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிவிட்டு எறிகிற இலை அது. பலகாரத்தில் சேர்ப்பதற்கு ஜப்பானியர் வைத்திருப்பது வேறு. அதற்கு 'மாச்சா' என்று பெயர். (மச்சானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) செடி என்னவோ அதே தேயிலைச் செடிதான். ஆனால் பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே தோட்டத்துக்குப் பந்தலிட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ள இலை பச்சையத்தைப் பெருக்கிக்கொள்ளுகிறது, துவர்ப்பும் தணிகிறது. பறித்த இலையை ஆவி காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் எந்திரத்தில் அரைப்பார்கள். அவசரப்பட்டுச் சுழற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும். ஆகவே ஓர் எந்திரம் ஒரு மணி நேரம் சுற்றினாலும் கிடைப்பது சுமார் 40 கிராம்தான்!

சீனாவிலிருந்து 1191-இல் திரும்பிய எய்ஸாய் என்ற ஜென் துறவி தேயிலை விதையோடு இந்தப் பொடித் தேநீர்ப் பழக்கத்தையும் கொண்டுவந்தார் என்பார்கள். கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஊஜி இதற்குப் பேர்போன ஊர். இன்று உலகமெங்கும் இதற்கு ஒரே கிராக்கி. 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்குள்ள பழைய தேயிலைக் கடைகள் சில, ஓர் ஆளுக்கு இத்தனை டப்பாதான் என்று வரம்பு கட்டும்படி ஆயிற்று.

இதை ஏன் சொல்லுகிறேனென்றால், தேநீர்ச் சடங்குக்கு உரிய உயர்ரகப் பொடியை வாங்கிப் பான்கேக்கில் கொட்டுவது பாவம். அதன் நுண்மையான ருசி சர்க்கரையிலும் பாலிலும் அமுங்கிப் போகும். சமையலுக்கென்றே விற்கிற இரண்டாந்தரம் போதும்; விலையும் குறைவு, அதன் கசப்பு பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்கும். மஞ்சள் பூத்திருந்தால் பழைய சரக்கு, வாங்காதீர்கள்.

இனி அடுப்படிக்கு வருவோம். மைதா 150 கிராம், மாச்சா இரண்டு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேஜைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. மாச்சா ஈரம் பட்டதும் கட்டி கட்டும். ஆதலால் மாவோடு சேர்த்து இரண்டு தடவை சலித்துவிடுங்கள். வேறு பாத்திரத்தில் ஒரு முட்டை, 180 மில்லி பால், உருக்கிய வெண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி ஆகியவற்றை அடித்து, மாவில் ஊற்றிக் கலக்குங்கள். அங்கங்கே சிறு கட்டி இருந்தாலும் பாதகமில்லை. அதிகம் அடித்தால் ரப்பராகிவிடும். பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும்.

மிருதுவாக வரட்டும் என்று புளித்த மோர் ஊற்றும் ஆசை நம்மவர்களுக்கு வரும். வேண்டாம்! புளிப்பும் சூடும் பச்சையத்தின் பரம விரோதிகள். நிறம் பாசி படிந்தாற்போல் மங்கிவிடும்.

சூடு விஷயத்தில் ஜப்பானிய வீடுகளில் ஓர் உபாயம் உண்டு. வாணலியைக் காயவைத்து, நனைத்த துணிமேல் சில விநாடி வைப்பார்கள். 'உஸ்' என்று அடங்கியதும் மீண்டும் சிறு தணலில் ஏற்றுவார்கள். நம் இரும்புத் தோசைக் கல்லிடம் இதைச் செய்தால் விரிசல் விடக்கூடும்; கொஞ்சம் ஆறவிட்டாலே போதும். எண்ணெயைத் துணியால் லேசாகத் துடைத்தாற்போல் தடவி, ஒரு கரண்டி மாவை ஒரே இடத்தில் ஊற்றுங்கள். தோசை வார்த்துப் பழகிய கை தானாக வட்டமிடப் பார்க்கும்; அடக்கிக்கொள்ளுங்கள். மூன்று நிமிஷத்தில் மேலே குமிழ்கள் வெடிக்கும். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிஷம். மேல்தோல் சற்றே பொன்னிறமாகலாம். பிட்டால் உள்ளே இளம் பச்சை தெரியவேண்டும், அதுதான் பக்குவம்.

வெண்ணெயும் தேனும் பொருந்தும். ஜப்பானில் இனிப்பிட்ட சிவப்புப் பயற்று விழுதோ, கறுப்புச் சர்க்கரைப் பாகோ சேர்ப்பதுண்டு. அந்தப் பாகுக்கு நம் வெல்லப் பாகு ஏறக்குறைய சமம்தான். ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும்: இலை முழுவதுமே வயிற்றுக்குள் போவதால் காப்பியிலுள்ள காஃபீன் இதிலும் உண்டு. குழந்தைகளுக்கு இரவில் கொடுக்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடி செய்தேன். அம்மா இரண்டு சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் கசக்கிறதேடா" என்றார்.

"கசக்கத்தான் வேண்டும், அம்மா" என்றேன்.

"அப்படியா?" என்று மூன்றாவதற்குத் தட்டை நீட்டினார்.