டீச்சரம்மா குடியிருக்கும் தெரு

தண்ணீர் லாரி வரும் நாளில் திண்டிவனத்தில் ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று பார்த்தால் அந்த அம்மாவை அடையாளம் கண்டுவிடலாம். லாரி வருவதற்கு முன்பே எந்தக் குடம் யாருடையது என்று அவருக்கு மனப்பாடம். நடுவில் நுழைந்த பச்சைக் குடத்தைக் காலாலேயே ஓரம் தள்ளுவார். கைக்குழந்தையோடு நிற்பவளை, யாரையும் கேட்காமல், முன்னால் விடுவார். “அந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி” என்று முணுமுணுக்கிற தெருதான், வீட்டுக்குள் சண்டை முற்றினால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

விழுப்புரம் பக்கத்துத் தெருக்களில் இப்படி ஒருவர் இல்லாத தெரு குறைவு. ஆனால் தமிழ் நாவலில் இவரைச் சரியாகப் பிடித்துவைத்தவர் சென்னை தியாகராய நகரில் வாழ்ந்த அசோகமித்திரன். 1971இல் ‘கணையாழி’யில் தொடராக வந்து 1973இல் நூலான ‘தண்ணீர்’ நாவலில் இந்த அம்மாவின் பெயர் டீச்சரம்மா.

கதை நடப்பது சென்னையின் தண்ணீர்ப் பஞ்ச காலத்தில். அடிபம்பில் காற்றுதான் வருகிறது. ஒரே வாடகை அறையில் அக்கா ஜமுனாவும் தங்கை சாயாவும். சினிமாவில் கதாநாயகி ஆகிவிடலாம் என்று பாஸ்கர் ராவை நம்பிக் காலத்தைத் தொலைத்தவள் ஜமுனா. அவன் கார் வாசலில் வந்து நின்றால் இவள் கிளம்பிப் போகிறாள். வெறுத்துப்போன சாயா ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறாள். ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து 1966இல் வெளியே வந்தவர் அசோகமித்திரன். ஜமுனாக்களை அவர் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

உயிரை விடப் பார்த்து, அதுவும் முடியாமல் போன ஜமுனாவிடம் டீச்சரம்மா வந்து சேர்கிறார். இந்த இடத்தில் வேறு யார் எழுதியிருந்தாலும் ஆறுதல் வசனம் ஒரு பக்கத்துக்கு ஓடியிருக்கும். டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்கிறார். பதினைந்து வயதில், நாற்பத்தைந்து வயது ஆளுக்குக் கட்டிவைத்தது. அந்த ஆளின் ஓயாத இருமல். மாமியார். பள்ளிக்கூட வேலை முடித்து வந்தால் காத்திருக்கும் வீட்டு வேலை. அழுகையோ அலங்காரமோ இல்லாமல், கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறார். கேட்டவளுக்குத் தன் துயரம் ஒன்றும் உலகத்திலேயே பெரியதில்லை என்று உறைக்கிறது. நாவல் திரும்புவது அங்கேதான்.

உலக நாவல்களில் இவருக்கு ஒரு அக்கா முறைக்காரி உண்டு. ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலின் எதிர்வீட்டு மிஸ் மாடி. விதவை, தோட்டப் பைத்தியம். பூச்செடி வளர்ப்பதே பாவம் என்று வண்டியில் போகிறபோது கத்துகிறவர்களுக்குப் பைபிளாலேயே பதில் கொடுப்பவர். வீடு எரிந்து சாம்பலான மறுநாளே, அந்தப் பழைய கொட்டகை தனக்குப் பிடித்ததே இல்லை என்று சிரிப்பவர். அபாண்டமாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவருக்கு நீதி கிடைக்காமல் போன மறுநாள், குழந்தைகளைக் கூப்பிட்டு கேக் வெட்டிக் கொடுத்தபடியே, ஊரில் நியாயத்தின் பக்கம் நின்றவர்கள் யார் யார் என்று புரியவைப்பவர்.

இரண்டு பேரில் டீச்சரம்மாதான் ஒரு படி மேல். மிஸ் மாடிக்குச் சொந்த வீடு, சொந்தத் தோட்டம், சமூகத்தில் இடம் எல்லாம் இருந்தன. பேசுவதற்குத் தெம்பு இருந்தது. டீச்சரம்மாவோ வீட்டில் வாயைத் திறக்க வழியில்லாதவர். அவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் அலைகிறவர்தான். அதனால்தான் ஜமுனா காது கொடுக்கிறாள்.

‘தண்ணீர்’ நாவலின் தாகத்துக்கு விழுப்புரம் மாவட்டத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோக 1960களின் இறுதியில் வகுக்கப்பட்ட பழைய வீராணம் ஏரித் திட்டம் பாதியில் நின்றது. ஆள் நுழையக்கூடிய பெரிய சிமென்ட் குழாய்கள் நெடுஞ்சாலை ஓரம் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. அவற்றுக்குள் சாக்குப் படுதா கட்டி அடுப்பு மூட்டிக் குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது 2004இல்தான். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் தண்ணீர் கடலூர் மாவட்டத்திலிருந்து விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து தலைநகருக்கு ஓட வேண்டும் என்பது கணக்கு. குழாய் போகும் வழியில் உள்ள ஊர்க்காரர்கள் லாரிக்குக் காத்திருப்பது வேறு கணக்கு.

நாவலின் முடிவில் பாஸ்கர் ராவ் மறுபடி வருகிறான். வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் ஜமுனா அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். அது அவளே எடுத்த முடிவு. அறிவுரை சொல்லித் திருத்தினார் என்ற பட்டத்தை டீச்சரம்மாவுக்குச் சூட்டாமல் விட்டது அசோகமித்திரனின் கெட்டிக்காரத்தனம். இன்றைய சீரியல்காரர்களுக்கு இந்த நுட்பம் எட்டவில்லை. அவர்களிடம் பக்கத்து வீட்டு அம்மா என்றால் ஒன்று ஜன்னலோரம் ஒட்டுக்கேட்பார், அல்லது அரைக்கிலோ சர்க்கரை கடன் கேட்டு வந்து மாமியாருக்கும் மருமகளுக்கும் நெருப்பு வைத்துவிட்டுப் போவார்.